கவட்டைப் பார் தம்பி: பழைய வேடர்ஸுக்கு ஒட்டுப் போட்ட கதை

ஏப்ரல் கடைசி. கனடாவின் போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றுக்குள் தொடையளவு தண்ணீரில் நிற்கிறேன். தண்ணீர் ஐந்தாறு பாகைதான் இருக்கும். இடது தொடையின் உட்பக்கம் ஊசி முனையால் தொட்டமாதிரி ஒரு குளிர். வியர்வையாக்கும் என்று விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் அந்தக் குளிர் முழங்காலுக்கு இறங்கி, காலுறைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. கரையேறி, காரின் பின்கதவைத் திறந்து குந்தி, சப்பாத்தைக் கழற்றி உள்ளே இருந்ததைக் கவிழ்த்தால் அரை ரம்ளர் தண்ணீர். இந்த வேடர்ஸை 260 டொலருக்கு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வேடர்ஸ் என்பது பாதத்திலிருந்து நெஞ்சுவரை வரும் தண்ணீர் புகாத காற்சட்டை. தமிழில் எழுதும்போது வில்லும் அம்பும் நினைவுக்கு வருவதை என்னால் தடுக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன். மீன் பிடிக்க இப்படியொரு உடுப்பு வேண்டும் என்று கனடா வரும்வரை தெரியாது. ஆனால் ஒன்ராறியோ ஏரியிலிருந்து ரெயின்போ ட்ரவுட் மீன் முட்டையிட ஆறேறுவது இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம்வரை; தண்ணீர் உறையாமல் இருக்கிறது என்பதே அந்த மாதங்களில் பெரிய விஷயம். கரையில் நின்று எறிந்தால் தூண்டில் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. இறங்கத்தான் வேண்டும்.

இதுவரை மூன்று சோடி வாங்கியிருக்கிறேன். முதலாவது நியோப்ரீன், சப்பாத்தும் சேர்ந்தே வருவது, 140 டொலர். நியோப்ரீன் என்பது முக்குளிப்பவர்கள் போடும் அதே ரப்பர் நுரை. என்னுடையது 5 மில்லிமீற்றர் தடிப்பு. குளிருக்கு அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் காரை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் நடந்து ஆற்றுக்குப் போவதற்குள் உள்ளே மழை பெய்தமாதிரி நனைந்துவிடும். வியர்வை வெளியே போக வழியே இல்லை. இரண்டாவது பருவ முடிவில் தையல் ஓரங்களில் வெடிப்பு விழுந்தது. அதை எறிந்துவிட்டேன். இப்போது யோசித்தால் அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. நியோப்ரீன் ஒட்டுவதற்கு இலகுவான பொருள்.

இரண்டாவதுதான் மேலே சொன்ன 260 டொலர்ச் சோடி. வியர்வையை வெளியே விடும் 'மூச்சுவிடும்' துணி, ஏழெட்டுப் பொக்கற், அழகான பச்சை. பெட்டியில் நீர்புகாத் தன்மைக்குப் பெரிய எண் ஒன்று போட்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஆற்றங்கரையில் எனக்கு மீன்பிடி சொல்லித் தந்த அண்ணை ஒருவர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாரத்தில் நான்கு நாள் தண்ணீருக்குள்தான் நிற்பார். என் நனைந்த காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொக்கற்றைப் பாத்து வாங்கினனியோ?"

"தண்ணி பூராது எண்டு எழுதியிருந்தாங்கள் அண்ணை."

"துணிக்குள்ளாலை பூராது தம்பி. துணியைத் தைச்ச இடத்தாலை பூரும். வேடர்ஸ் வாங்கேக்கை கவட்டைப் பார். பிறகு பாதத்தைப் பார். மிச்சமெல்லாம் படம் காட்டுறது."

வீட்டுக்கு வந்து கவட்டைப் பார்த்தேன். இரண்டு காலின் உட்பக்கத் தையலும் இடுப்பிலிருந்து வரும் தையலும் நான்காகச் சந்திக்கும் இடம் அது. நடக்கும்போது தொடையோடு தொடை உரசுவதும் அங்கேதான். பாறைமேல் கால் தூக்கி வைக்கும்போது இழுபடுவதும் அங்கேதான். வேலி கடக்கக் காலை அகட்டினால் முழுப் பாரமும் அந்த ஒரு புள்ளியில். தையல் ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் உட்பக்கமாக ஒரு நாடா ஒட்டித்தான் மூடியிருப்பார்கள். என் சோடியில் அந்த நாடா ஒரு விரல் நீளத்துக்குக் கிளம்பி நின்றது.

சரி, ஒட்டிவிடலாம் என்று உட்பக்கத்தை வெளியே திருப்பியபோதுதான் உண்மையான நோய் தெரிந்தது. நாடாவைச் சுற்றி இருந்த மெல்லிய படலமே வெயிலில் காய்ந்த தோல்போல உரிந்து வந்தது. நகத்தால் சுரண்டினால் துணி தனி, படலம் தனி. தண்ணீரை நிறுத்துவது அந்தப் படலம்தான். வெளியே தெரியும் நைலோன் துணி அதைக் காப்பாற்றும் உறை மட்டுமே. பொலியூரித்தேன் பூச்சுகளில் சிலவகை, ஈரமும் சூடும் சேர்ந்தால் மெல்ல மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, உரிந்துவிடும். அதில் என் பங்கும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கழற்றிச் சுருட்டிக் காரின் பின்பெட்டிக்குள் எறிந்தால் அடுத்த சனிக்கிழமைதான் எடுப்பேன். கோடையில் அந்தப் பெட்டிக்குள் இட்லி அவிக்கலாம். வாங்கிய கடைக்கு எழுதிக் கேட்டேன். பாவனையால் வந்த தேய்மானம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அரைவாசி நியாயம்தான்.

படலத்தில் விழுந்த ஓட்டைக்கு மருந்து உண்டு. படலமே பிரிந்தால் மருந்து இல்லை. அன்றைக்கு இதைப் புரிந்துகொள்ள 260 டொலர் செலவானது.

மூன்றாவது சோடியைப் புதிதாக வாங்கவில்லை. "ஒழுகுகிறது, இருக்கிறபடியே விற்பனை, 150" என்று ஒரு விளம்பரம். கோர்-ரெக்ஸ் என்ற மூச்சுவிடும் துணி, முழங்காலும் கீழ்க்காலும் கூடுதல் அடுக்கு, ஐந்து வருடப் பழையது. புதிதாக வாங்கப் போனால் எனக்கு எட்டாத விலை. விட்பியில் ஒரு வயதானவரின் கராஜுக்குள் அதை உட்பக்கம் திருப்பி, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அரைமணி நேரம் பார்த்தேன். அவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டார், அவ்வளவு நேரம். படலம் எங்கும் குமிழி எழவில்லை. நாடாக்கள் எல்லாம் இறுகப் படிந்திருந்தன. பாதத்தில் உள்ள நியோப்ரீன் காலுறையைப் பிதுக்கினால் திரும்பிப் பழைய வடிவுக்கு வந்தது. செத்துப்போன நியோப்ரீன் சப்பையாகவே கிடக்கும். பூஞ்சண மணம் இல்லை. முன்பக்கம் முழுக்க முள் கீறிய தடங்கள். ஒழுக்குக்குக் காரணம் முள், சிதைவு இல்லை. காசைக் கொடுத்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தச் சோடியில் காலின் உட்பக்கம் தையலே இல்லை. தையலைக் காலின் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தியிருந்தார்கள். அண்ணை சொன்ன கவடு இதுதான்.

இனி ஒட்டுப்போட்ட கதை. முதல் நாள் செய்தது முட்டாள்தனம். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் நிரப்பிப் பார்ப்போம் என்று பேஸ்மென்ற் கூரை வளையில் தொங்கவிட்டு, குழாயால் ஒரு காலுக்குள் தண்ணீர் விட்டேன். இரண்டு வாளித் தண்ணீர் போனதும் தோள்பட்டிகள் முனகத் தொடங்கின. தையலுக்கு இல்லாத நோயை நானே கொடுத்துவிடுவேன் என்று பயந்து நிறுத்தி, வெளியே ஊற்றி, துடைத்து முடிக்க இரவு பதினொரு மணி.

அடுத்த நாள் வக்கியூம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் பொருத்தி, இடுப்பை இறுகக் கட்டிக் காற்றடித்தேன். சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் ஓட்டையில் நுரை வர வேண்டும். இரண்டு இடத்தில் வந்தது. காற்று நிரம்பித் தலையில்லாமல் தொங்கிய அந்த உருவத்தைப் பார்த்து, உடுப்புத் தோய்க்க இறங்கி வந்த மனைவி படியிலேயே நின்றுவிட்டார். "இஞ்சாருங்கோ, ஆரைக் கட்டித் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

மூன்றாவது வழிதான் உருப்படியானது. ஐசோபுரோப்பைல் அற்ககோல், மருந்துக்கடையில் காயம் துடைக்க விற்பார்களே, அதுதான். சிறிய தெளிப்புப் போத்தலில் நிரப்பி, உட்பக்கம் வெளியே இருக்கத் திருப்பி மேசையில் விரித்த கோர்-ரெக்ஸ் மேல் ஒரு சாண் ஒரு சாணாகத் தெளித்துக் கையால் தடவினேன். யன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பற்றும் திரவம், மணமும் மூக்கில் ஏறும். முதல் இரண்டு சாணில் ஒன்றும் நடக்கவில்லை. முழங்காலுக்குச் சற்று மேலே வந்ததும், சாம்பல் துணியில் ஒரு புள்ளி கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கவே அது மிளகளவாகி, உழுந்தளவாகி, ஐந்து சத நாணயமளவுக்கு விரிந்து நின்றது. நடுவில் முள் போன ஓட்டை. கண்ணால் பார்த்தால் ஓட்டையே தெரியாது. நல்ல படலம் திரவத்தை உள்ளே விடாது. கிழிந்த இடத்தில் அற்ககோல் புகுந்து அடுத்த துணியை நனைத்து நிறத்தை மாற்றுகிறது. தண்ணீரைவிட அற்ககோலுக்குப் பரப்பிழுவிசை குறைவு, அதனால் மயிரிழை ஓட்டைக்குள்ளும் சட்டென்று நுழைந்துவிடும்.

உடனே பேனையால் ஒரு வட்டம். அற்ககோல் காய்ந்தால் அடையாளமும் போய்விடும். ஒரு வட்டத்தைப் போட மறந்துவிட்டு மறுபடி தேட வேண்டியிருந்தது. ஒன்பது ஓட்டைகள். ஐந்து கீழ்க்கால் முன்பக்கம், மூன்று முழங்கால், ஒன்று இருக்கையில். கவட்டில் ஒன்றும் இல்லை. இதே வித்தையை உரிந்துபோன பச்சைச் சோடியில் விளையாட்டுக்குச் செய்து பார்த்தேன். தெளித்த இடமெல்லாம் ஒரே கறுப்பு, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோர்-ரெக்ஸுக்கு நன்றாக வேலை செய்யும் வழி, எல்லாத் துணிக்கும் அப்படியே பொருந்தாது. மற்றவற்றுக்கு இருட்டறையில் உள்ளே ரோர்ச் அடித்துப் பார்ப்பதும் காற்றடிப்பதும்தான் கதி.

பாதத்துக்கு அற்ககோல் சரிவராது, நியோப்ரீன் அல்லவா. காலுறைக்குள் மட்டும் இரண்டு லீற்றர் தண்ணீர் விட்டுப் பழைய பத்திரிகைத்தாளில் ஒரு மணி நேரம் வைத்தேன். வலது காலின் விரல் பக்கம் தாள் நனைந்தது. சப்பாத்துக்குள் போகும் சின்னப் பரல் ஒன்று அரைத்த ஓட்டை. கணுக்காலில் இழுத்துச் சப்பாத்தில் கொளுவும் உறை இருக்கிறதே, பரல் உள்ளே போகாமல் தடுக்கத்தான் அது. பழைய சொந்தக்காரர் அதைக் கொளுவாமல் நடந்திருக்கிறார் போலும்.

ஒட்டுவதற்கு அக்குவாசீல் என்ற யூரித்தேன் பசை, 18 டொலர். தேன்போலத் தடித்துத் தெளிவாக இருக்கும். ஒரு பயற்றளவு பிதுக்கி, ஓட்டையில் வைத்து, விரலால் வட்டமாக அரக்கித் தேய்த்து, நாணயமளவுக்குப் பரப்ப வேண்டும். கூடப் போட்டால் கூட ஒட்டும் என்று எண்ணி முதல் ஒட்டைக் குவித்துவிட்டேன். அது காய்ந்து கட்டியாகி இன்றைக்கும் முழங்காலில் உறுத்துகிறது. மெல்லிசாகத் தேய்த்த எட்டும் இருக்கும் இடமே தெரியவில்லை. நியோப்ரீன் பாதத்தை மட்டும் முதலில் அரத்தாளால் மெல்லச் சுரண்டிவிட்டுப் பூசினேன்.

அப்பா சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதை முற்றத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். ரியூப்பைப் பேசின் தண்ணீருக்குள் அமுக்குவார். குமிழி வரும் இடத்தைப் பெருவிரலால் பொத்தி, "இந்தா, இதிலைதான்" என்பார். தேய்த்து, சொலூசன் பூசி, அதன்மேல் உடனே ஒட்டை வைக்க விடமாட்டார். ஊதச் சொல்வார். காய்ந்த பிறகுதான் வைப்பார். புது ரியூப் கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. ஒரே ரியூப்பில் ஏழு எட்டு ஒட்டு இருக்கும். அக்குவாசீல் வேறு மாதிரி. அது காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். ஊதியும் பயனில்லை, தலைமயிர் காயவைக்கும் கருவியால் சூடு காட்டியும் பயனில்லை. தட்டையாக வைத்துவிட்டுப் போய்ப் படுக்க வேண்டியதுதான். பசை ரியூப்பில் பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. நான் ஒரு நாள் விட்டேன். பேஸ்மென்ற் குளிர்காலத்தில் வறண்டு கிடக்கும் என்பதால் பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரும் வைத்தேன்.

ஈரம்தான் இறுக்கும் என்பதால் திறந்த ரியூப்பை அலுமாரியில் வைத்தால் அடுத்த முறைக்குள் கல்லாகிவிடும். மூடியை இறுக்கி, பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு உறைபெட்டிக்குள் வைத்தால் பலகாலம் நிற்கும். எங்கள் வீட்டில் அது பாரைமீன் துண்டுகளுக்கும் முருங்கைக்காய்ப் பைக்கும் நடுவில் இருக்கிறது. மேலே "சாப்பாடில்லை" என்று எழுதி ஒட்டச் சொல்லி உத்தரவு.

கடைசிப் பரீட்சை குளியல் தொட்டியில். உள்ளே வெளிர்சாம்பல் பருத்திக் காற்சட்டை, வெளியே வேடர்ஸ், தொட்டி நிறையக் குளிர்த்தண்ணீர். முழங்காலில் நின்று, பிறகு குந்தி, இருபது நிமிடம். மகன் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். வெளியே வந்து பார்த்தால் இடது கணுக்காலைச் சுற்றி ஒரு ஈரக்கோடு. துணியும் நியோப்ரீனும் சேரும் வளையம். அற்ககோலும் காட்டவில்லை, பத்திரிகைத்தாளும் காட்டவில்லை. அந்த வளையம் முழுவதும் நாடாவின் விளிம்போடு ஒரு கோடு பசை இழுத்தேன். நாடாவை உரித்து எடுக்கவில்லை. பிடித்திருக்கும் நாடாவை நோண்டக்கூடாது.

அதற்குப் பிறகு மூன்று பருவம், கிட்டத்தட்ட 70 நாள் ஆற்றில் நின்றாயிற்று. வேடர்ஸுக்கும் பசைக்குமாகப் போன 168 டொலரை 70ஆல் பிரித்தால் நாளொன்றுக்கு 2 டொலர் 40 சதம். முதல் நியோப்ரீன் 30 நாள் உழைத்தது, நாளுக்கு 4.67. பச்சைச் சோடி 18 நாள், நாளுக்கு 14 டொலருக்கு மேல். அந்தக் காசுக்குத் தினமும் கொத்துரொட்டி வாங்கித் தின்றிருக்கலாம்.

இப்போது யாராவது வாங்கக் கூட்டிப்போனால் நான் விலைச்சீட்டுக்கு முன் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். தையல் எங்கே ஓடுகிறது, நாடாவின் அகலம் எவ்வளவு, கணுக்கால் வளையம் எப்படி ஒட்டியிருக்கிறது. பிறகு தடித்த காலுறையும் உள்ளே போடும் கம்பளிக் காற்சட்டையும் அணிந்துகொண்டு போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒரு காலைக் கதிரைமேல் தூக்கி வை. முழுதாகக் குந்து. கவட்டில் இழுத்தால் அந்த அளவு வேண்டாம்; எவ்வளவு நல்ல துணியானாலும் அந்தத் தையல் பிரியும். தொளதொளவென்று மடிந்து கிடந்தாலும் வேண்டாம், மடிப்பு மடிப்போடு உரசித் தேயும். பலர் காலுக்கு அளவு பார்க்கிறார்கள், குந்திப் பார்ப்பதில்லை. முன்பக்கம் சிப் (zip) வைத்த மொடல்கள் வசதிதான், ஒதுங்க வேண்டி வரும்போது அருமை தெரியும். ஆனால் விலையும் ஏறும்; பழுதானால் வீட்டில் திருத்த முடியாத பாகம் அது. எனக்கு வேண்டாம்.

வருடத்தில் ஐந்தாறு தடவை, அதுவும் காரை நிறுத்தி இறங்கினால் ஆறு என்ற இடத்தில், குளிரில் அசையாமல் நிற்பவர் என்றால் மலிவான நியோப்ரீன் போதும். அவருக்கு நான் கோர்-ரெக்ஸ் பரிந்துரைக்க மாட்டேன். நடப்பவருக்குத்தான் மூச்சுவிடும் துணி. உள்ளே ஈரம் கண்டால் உடனே ஒழுக்கு என்று பதறவும் வேண்டாம். முழுக் காலும் மெல்லிய ஈரமாக இருந்தால் வியர்வை. ஒரு இடத்தில் மட்டும் சில்லிட்டு அங்கிருந்து கீழே இறங்கினால் ஒழுக்கு. வெளித்துணி தண்ணீரை உறிஞ்சிக் கறுத்துப் பாரமாகிக் கிடந்தால் அதுவும் ஓட்டை இல்லை, மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. அப்படியான துணியால் வியர்வை வெளியே போகாது. இந்த உடுப்புகளுக்கென்று விற்கும் நிக்வாக்ஸ் மாதிரிச் சவர்க்காரத்தால் கழுவி மேற்பூச்சுப் போட்டால் திரும்பவும் தண்ணீர் முத்துமுத்தாக உருளும். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் கிட்டவும் வரக்கூடாது.

சப்பாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கனரஸ்காவின் கீழ்ப்பகுதி சுண்ணாம்புக்கல் தட்டு. பாசி படிந்தால் எண்ணெய் பூசியமாதிரி வழுக்கும். அதற்கு ஃபெல்ற் (felt) அடி, அதாவது கம்பளிமாதிரி அழுத்திச் செய்த அடி வைத்த சப்பாத்து நல்ல பிடி. ஆனால் அந்த ஃபெல்ற் காயாமல் ஈரத்தை வைத்திருந்து ஒரு ஆற்றின் பாசியை இன்னொரு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும். நியூசிலாந்து 2008இலேயே தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் அலாஸ்காவும் மேரிலாந்தும் பிறகு தடை கொண்டுவந்தன. ஒன்ராறியோவில் அப்படித் தடை இல்லாவிட்டாலும் நான் ரப்பர் அடியில் உலோக ஆணி தைத்ததுதான் போடுகிறேன். இடுப்புப் பட்டியை இறுக்காமல் தண்ணீருக்குள் ஒரு அடியும் வைப்பதில்லை. வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளைக் கீழே இழுக்கும் என்பது கட்டுக்கதை, தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரமில்லை. ஆனால் நிரம்பிய காலோடு கரையேற முடியாது, குளிரும் விடாது. பட்டி அதைத்தான் குறைக்கிறது.

கழற்றியதும் சுருட்டும் பழக்கம் போய்விட்டது. வந்த உடனே உட்பக்கத்தைத் திருப்பித் தொங்கவிட்டு, அது காய்ந்ததும் வெளிப்பக்கத்தைத் திருப்பித் தொங்கவிடுகிறேன். பேஸ்மென்ற்றில் அதற்கென்று ஒரு கொளுக்கி. மனைவி அந்தத் தலையில்லாத ஆளுக்குப் பழகிவிட்டார்.

போன ஞாயிறு முள்வேலி ஒன்றைக் கடக்கும்போது வலது முழங்காலில் 'சர்' என்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் இறங்கிய இரண்டாம் நிமிடமே அந்த ஊசிமுனைக் குளிர். அண்ணை தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "எங்கை தம்பி, கவட்டிலையோ?"

"இல்லை அண்ணை, முழங்கால்."

"அப்ப நில்லு. இண்டைக்கு மீன் ஏறுது."

நின்றேன். வீட்டுக்கு வந்து பாரைமீனை ஒதுக்கிப் பார்த்தேன். ரியூப் இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது.